ஓட்டையில்லாத மூக்கு

எழுதுங்கள் அம்மா. வரிசையாகச் சொல்கிறேன், வரிசை மாறாமல் அடியுங்கள்.

முதலாவது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு மார்ச் மாதம், ஆலை வாசலில் நான் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தில், முந்நூறு பேர் முன்னால் அந்த ஆள் என்னைத் திருத்தினான். இரண்டாவது: அதே வருடம் ஜூன் மாதம், நான் பதினெட்டு நாள் சிறையில் இருந்தபோது, ஒரு மண்தொட்டியை வைத்து என் போராட்டத்தைக் கலைத்தான். மூன்றாவது: ஆகஸ்டு மாதம் என் டோக்கனை எடுத்துக்கொண்டான். நான்காவது: எண்பதாம் வருடம், எனக்கு வர வேண்டிய ஓட்டையை அவன் வாங்கிக்கொண்டான். ஐந்தாவது: போன செவ்வாய்க்கிழமை, அவன் வீட்டில், அவன் சம்சாரம் எதிரில், என் மூக்கைக் கேலி செய்தான்.

பெயரா? பெயர் பிறகு. அந்த இடத்தை விட்டு வையுங்கள். இதுவரை நாற்பத்தாறு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட அந்தப் பெயரை அச்சில் ஏற்றியதில்லை. உங்கள் மெஷினில் ஏன் ஏற்ற வேண்டும்.

பிரமாண வாக்குமூலத்தில் இதெல்லாம் வராது என்கிறீர்கள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுவதும் கேட்டால்தான் எது வேண்டியது என்று தெரியும். ஐந்து மணிக்குள் விசாரணை அதிகாரி கையில் கொடுத்தாக வேண்டும். இப்போது மணி இரண்டேகால். முதல் மே தினக் கூட்டத்தில் நான் இதைவிட நீளமாகப் பேசியிருக்கிறேன், ஒருவரும் எழுந்து போகவில்லை.

நீங்கள் ஊருக்குப் புதியவர் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற துளசிங்கம் சொன்னான். சாட்சிக் கையெழுத்துக்கு வந்தவன் அவன். கூட இருப்பவர் ரபீக். அப்படியானால் ஆலையைச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் புகைபோக்கி மட்டும் நிற்கிறதே, அதுதான். மூடிப் பதினான்கு வருடம் ஆகிறது.

கறுப்பு மண் லாரியில் வரும். குரோம் தாது. அதை சோடா சாம்பலும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்து, ஒரு ரயில் பெட்டி நீளத்துக்கு உருளுகிற சூளையில் சுடுவார்கள். மறுமுனையில் மஞ்சளாக வந்து விழும். தண்ணீரில் கரைத்து வடித்து, கந்தக அமிலம் விட்டால் மஞ்சள் ஆரஞ்சாகும். காய்ச்சி ஆறவிட்டால் ஆரஞ்சு நிறத்தில் கற்கண்டு கட்டும். அதற்குப் பெயர் டைக்ரோமேட். சாயப் பட்டறைக்குப் போகும், முலாம் பூசுகிறவர்களுக்குப் போகும், பெயிண்ட் கம்பெனிக்குப் போகும். மீதி, மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆலைக்குள்ளேயே போகும். அங்கே ஈயத் தகடு பதித்த தொட்டியில் அமிலத்தோடு கலந்து, சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகை ஊற்றுவார்கள். வெல்லம் தீய்ந்த வாடை தெரு முழுக்க அடிக்கும். ஆரஞ்சு பொங்கிப் பொங்கிப் பச்சையாகிவிடும். அந்தப் பச்சைப் பொடி தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு. பச்சையைப் போட்டால் தோல் நீலமாக வருகிறது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், அது அவன் பாடம்.

சூளை இருந்தது மஞ்சள் பக்கம். பாகு ஊற்றுவது பச்சைப் பக்கம். நான் மஞ்சள்காரன், டோக்கன் நம்பர் நூற்றுப் பதினேழு. அவன் பச்சைக்காரன். நான் எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம், அதற்குமேல் எல்லாம் துண்டறிக்கைதான். படித்ததும் அதில், எழுதியதும் அதில். அவன் எஸ்.எஸ்.எல்.சி. பச்சைப் பக்கம் வருவதற்கு முன்னால் ஆலை லேப்பில் குடுவை கழுவியவன். கழுவுகிறபோது காது திறந்திருந்தது போலிருக்கிறது.

என் முதல் துண்டறிக்கையின் தலைப்பு, ‘குரோமியம் என்றாலே நஞ்சு.’ வாசலில் நின்று அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தூக்கினான்.

“தலைவரே, ஒரு சின்ன திருத்தம். கறுப்பு மண்ணுல இருக்கிறவனும் பச்சைப் பொடியில இருக்கிறவனும் மூணு கைக்காரன். யார் வம்புக்கும் பெரிசாப் போகமாட்டான். சூளையில சோடாவோட சேத்துக் காத்து பட சுட்டா, அதே ஆளுக்கு ஆறு கை முளைச்சிடுது. மஞ்சளும் ஆரஞ்சும் அதான். தோலைத் துளைக்கிறது, மூக்கைத் துளைக்கிறது எல்லாம் ஆறு கைக்காரன் வேலை. பச்சையும் அதே மாதிரின்னு எழுதினா, கம்பெனிக்காரன் அந்த ஒரு வரியைக் காட்டி மொத்தமும் பொய்யின்னுடுவான்.”

கூட்டத்திலிருந்து துளசிங்கம் குரல் கொடுத்தான். “ஆறு முகம் இருந்தா சாமி, ஆறு கை இருந்தா சனி.” முந்நூறு பேரும் சிரித்தார்கள். நான் பேசி அழவைத்திருந்த கூட்டம் அம்மா அது. அடுத்த பதிப்பில் பச்சையை எடுத்துவிட்டேன். அவன் சொன்னான் என்பதற்காக இல்லை. தாளில் இடம் போதவில்லை.

இரண்டாவதற்கு வருகிறேன். குரோம் புண் என்று ஒன்று உண்டு. விரல் கணுவில் சின்ன வட்டமாக வரும். வலிக்காது. வலிக்காமல் எலும்பு வரைக்கும் போகும். அதற்காகத்தான் நான் கோரிக்கை வைத்தேன்: கையுறை, குளியலறை, தூசி இழுக்கிற விசிறி. மறியல் செய்தேன். பிடித்துக்கொண்டு போனார்கள். பதினெட்டு நாள். வெளியே வந்தபோது சிறை வாசலில் ரபீக் மட்டும் மாலையோடு நின்றார். நேராக ஆலை வாசலுக்குப் போனேன். அங்கே கூட்டம் இருக்கத்தான் செய்தது, வரிசையில் நின்றது. எதற்கு? ஒரு மண்தொட்டிக்கு.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி, அதைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைத்திருந்தான். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பச்சை உப்பு, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். மஞ்சள் கையை அதில் முக்கினால் மஞ்சள் மறைந்து தண்ணீர் பாசி நிறத்தில் கலங்கிவிடும். ஆறு கைக்காரன் அன்னபேதியைப் பார்த்தால் மூன்று கையை மடக்கிக்கொள்வானாம். ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொருவனாக முக்கிவிட்டு வீட்டுக்குப் போனான். புது ஆட்களுக்குப் புண் வருவது பாதியாகக் குறைந்தது.

“வாங்க தலைவரே, மாலையைக் கழட்டிட்டுக் கை கழுவுங்க” என்றான் துளசிங்கம்.

கழுவினேன். வேறு என்ன செய்வது. ஆனால் நீங்களே சொல்லுங்கள். புண் இருந்தால்தானே கையுறை கேட்கலாம். கடையில் ஆறணாவுக்குக் கிடைக்கிற உப்பை வைத்துப் பாதிக் கோரிக்கையைக் கரைத்துவிட்டான். விசிறி பிறகு வரவேயில்லை. கைப்புண்ணுக்குத் தொட்டி வைத்தான், சரி, மூக்குக்கு என்ன தொட்டி வைக்க முடியும்?

தேதி கேட்கிறீர்கள். மஞ்சள் பக்கத்தில் நான் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைக்கும். கம்பெனிப் பதிவேட்டில் இருக்கிறது. எழுபத்து நான்கு ஜனவரி முதல் எண்பத்து நான்கு டிசம்பர் வரை, பதினொரு வருடம். மஞ்சள் பக்கத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் வேறு யாரும் தாங்கியதில்லை. விசாரணை அதிகாரியிடம் கம்பெனி கொடுத்திருக்கிற பட்டியல் வருடக் கணக்கில் இறங்குவரிசை. முதல் பெயர் ஏகாம்பரம். நான்தான். நாற்பத்திரண்டு பேரில் முதல் பெயர்.

பதிவேட்டில் இருப்பது போதாதா? நானாக எத்தனை நாள் என்றா? அதற்கு வருகிறேன். வரிசையில் மூன்றாவது அதுதான்.

டோக்கன் என்றால் பித்தளை வில்லை. வாசலில் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். நம்பரைப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பான் டைம்கீப்பர், முகத்தைப் பார்க்க மாட்டான். உள்ளே சூளைக்குப் போனால் முகத்தில் துண்டு, தலையில் சாக்கு, மேலே மஞ்சள். அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒரே ஆள். சூப்பர்வைசருக்குத் தெரியும்தான். அவனுக்குக் கம்பி பிடித்துச் சூளை வாயைக் கிளற ஒரு ஆள் வேண்டும், அது யாராயிருந்தால் என்ன.

ஆகஸ்டு மாதம் மாவட்டக் கமிட்டியில் என்னைப் பேச்சாளராகப் போட்டார்கள். வாரம் நான்கு ஊர், ஐந்து ஊர். லீவு கேட்டால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், எடுத்துவிட்டால் சங்கமே இல்லை. அவன்தான் வந்தான். நான் கேட்கவில்லை, இதை அப்படியே அடியுங்கள், நான் கேட்கவில்லை.

“நீங்க போங்க தலைவரே. என் ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடியுது. உங்க டோக்கனை நான் போடறேன். உங்க சூளையை நான் பாத்துக்கறேன்.”

கையை நீட்டினான். கொடுத்தேன். இரண்டு நாளைக்கு என்றுதான் கொடுத்தேன்.

பிறகு என்ன நடந்தது தெரியுமா? நான் ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியப் பேசினேன். இங்கே என் சூளையில், என் இடத்தில், என் ஆட்கள் நடுவில் அவன் உட்கார்ந்துகொண்டான். கிளறுகிற இடைவேளையில் அவர்களுக்குப் பாடம் நடத்தினான். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும், மூக்குக்குள் வாசலைன் எப்படித் தடவ வேண்டும் என்று. நான் திரும்பி வந்து கூட்டம் போட்டால், கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்கு அவன் முகத்தைப் பார்ப்பார்கள். மாதச் சம்பளக் கவரை மட்டும் பிரிக்காமல் என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். அதிலும் நல்ல பெயர் அவனுக்குத்தான். என் சம்சாரமே சொன்னாள், அந்த மாதிரி மனுஷன் உண்டா என்று.

டோக்கனைத் திருப்பிக் கேட்டேனா? நல்ல கேள்வி. அவன் கொடுத்திருக்க வேண்டும்.

நான்காவது. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

மஞ்சள் பக்கத்தில் ஒரு வழக்கம். முதலில் மூக்கில் ரத்தம் வரும், பொருக்குக் கட்டும். ஓரிரு வருடத்தில் இரண்டு துவாரத்துக்கும் நடுவே இருக்கிற சுவர் கரைந்து ஓட்டையாகிவிடும். வலி கிடையாது. ஒருநாள் ஊதினால் விசில் சத்தம் வரும். வந்துவிட்டதா, அந்த வருட ஆயுத பூஜைக்கு அவனுக்கு மூக்குக் குத்து. அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் ஸ்டூலில் உட்காரவைத்து, வெள்ளை நூலை இடது துவாரத்தில் விட்டு வலது துவாரத்தில் எடுத்து முடிச்சுப் போடுவோம். பொரிகடலை, டீ, கைத்தட்டு. சிரிப்பார்கள். சிரிக்காமல் என்ன செய்ய முடியும், சுவர் திரும்ப வளரவா போகிறது. நூலை இழுப்பவன் தலைவன். நாற்பத்தொரு மூக்கில் நூல் இழுத்த கை இது.

ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். “தலைவரே, உங்களுக்கு எப்போ?” எனக்கு ஏற்கனவே இருக்கிறது, ரொம்ப மேலே, சின்னது, நூல் போகாது என்று சொல்லி வந்தேன். கண்ணாடி முன்னால் நின்று எத்தனை நாள் ஊதிப் பார்த்திருப்பேன் தெரியுமா.

எண்பதாம் வருட ஆயுத பூஜை. அவன் ஒரு மூலையில் தும்மினான். தும்மலோடு விசில். துளசிங்கம் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “யப்பா, இது ஓட்டை இல்ல, வாசப்படி” என்றான். நாற்பத்தொன்றிலும் பெரிது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நூலை எடுக்கச் சொல்லி. பச்சைக்காரனுக்கு மஞ்சள்காரன் ஓட்டை. நான் நூலை எடுக்கவில்லை. அவனும் எழுந்து போய்விட்டான். “எனக்கெதுக்கு” என்றான். அவன் வேண்டாம் என்றதுதான் பேச்சாகிவிட்டது. நான் எடுக்காதது யாருக்கும் நினைவில்லை.

அந்த மாதமே ஒரு துண்டறிக்கை எழுதினேன். பெயர் போடவில்லை. ‘மூக்குப்பொடி போட்டு ஓட்டை வாங்கிக்கொண்டு தியாகி வேடம் கட்டுவோர்’ என்று ஒரு வரி. அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அவன் நினைத்திருந்தால் ஒரு வார்த்தையில் மறுத்திருக்கலாம், யார் டோக்கனில் எங்கே நின்றேன் என்று. சொன்னால் என் வேலை போகும், சங்கம் போகும். வாயே திறக்கவில்லை. எவ்வளவு கர்வம் பாருங்கள்.

இப்போது விசாரணை, எங்கள் நோய் ஆலையால் வந்ததா என்று. மூன்று வாரத்துக்கு முன்னால் கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரு டாக்டர் டார்ச் அடித்து மூக்கைப் பார்த்தார். பட்டியல் வரிசைப்படி. முதல் பெயர் நான். எழுந்து நின்று தலையைத் தூக்கினேன்.

“பதினோரு வருஷமா சார்? ரொம்ப சுத்தமான மூக்கு. சுவர்ல ஒரு கீறல் இல்ல” என்றார். நல்ல செய்தி சொல்கிற குரலில் சொன்னார். மைக் இருந்தது அம்மா, அவர் கையில்.

கம்பெனி வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டான். எல்லோரையும்விட அதிகக் காலம் மஞ்சளில் நின்றவருக்கே ஒன்றுமில்லை, ஆகவே மஞ்சளில் தீங்கில்லை. அப்படியானால் நாற்பத்தொரு ஓட்டை? ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினான். மூக்குப்பொடி. தொழிற்சங்கத் தலைவரே எழுதியிருக்கிறார், தேதியோடு. என் அச்சு, என் வரி. முப்பது வருடத்தில் என் எழுத்தை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தவன் கம்பெனிக்காரன் ஒருவன்தான்.

பட்டியலில் பெயர் இருந்து, நோய் ஆலையால் வந்தது என்று அதிகாரி எழுதினால் கம்பெனி செலவில் ஆயுளுக்கும் வைத்தியம். இல்லையென்றால் ஒன்றுமில்லை. நாற்பத்தொரு பேருக்கும் ஒன்றுமில்லை. பட்டியலிலேயே இல்லாத அவனைப் பற்றிப் பேச்சே இல்லை, அவன் பதிவேட்டில் பச்சைக்காரன். மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது துளசிங்கம் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“தலைவரே, உங்க மூக்கு இப்ப யாரு பக்கம்?”

ஐந்தாவதைச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். எதற்கு என்றால், அவன் கேட்க வேண்டும். வந்து கையைப் பிடித்து, உண்மையைச் சொல்லு தலைவரே என்று அவன் வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நுரையீரலில் கட்டி. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தான். பேசினால் வார்த்தைக்கு நடுவில் விசில்.

“வாங்க தலைவரே. டாக்டர் பாத்தாராமே. மூக்கு எப்படி இருக்கு?”

“இருக்கு.”

“சுத்தமா இருக்குதாமே.” சிரித்தான். இருமினான். திரும்பவும் சிரித்தான். “நல்லா பாத்துக்கிட்டேன் இல்ல?”

கேட்டீர்களா? என் மூக்கை, என் முகத்துக்கு நேராக. நல்லா பாத்துக்கிட்டேன் இல்ல என்று. கேலி இல்லாமல் வேறு என்ன அது? அவன் முகத்தில் கேலி மாதிரி எதுவும் தெரியவில்லைதான். அதுதான் அவன் கெட்டிக்காரத்தனம்.

வாசலில் அவன் சம்சாரம் வேதவல்லி டீயோடு நின்றது. “அவரு கேக்க மாட்டாருண்ணா. நானும் கேக்க மாட்டேன். ஆறிடும், குடிச்சிட்டுப் போங்க.” அண்ணா என்று கூப்பிட்டது. முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் கூப்பிடுகிறது. குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

இதோ பாருங்கள், ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்காக நான் இங்கே வரவில்லை. என் மூக்கைக் காட்டிக் கம்பெனி ஜெயிக்கக் கூடாது. அதற்காக வந்தேன். இதை மேலேயே அடியுங்கள். வேண்டாமா? சரி, வேண்டாம்.

இப்போது வேண்டியதைச் சொல்கிறேன். டோக்கன் நம்பர் நூற்றுப் பதினேழில் மஞ்சள் பக்கச் சூளையில் நானாக வேலை செய்த காலம்... நீங்கள் விட மாட்டீர்கள். ஏழு மாதம். எண்ணில் போடாதீர்கள், எழுத்தில் அடியுங்கள், கொஞ்சம் நீளமாகத் தெரியும். மீதி பத்து வருடம் ஐந்து மாதம் அந்த டோக்கனில் சூளையில் நின்றவர், கோடு போட்ட இடம். மூக்குப்பொடி என்று எழுதியது நான், அது பொய், அந்த நாற்பத்தொரு பேரில் பொடி போடுகிறவர் ரபீக் ஒருவர்தான். அதையும் அடியுங்கள், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அடித்தீர்களா?

ஆமாம், தெரியும். ஏழு மாதக்காரனுக்குப் பட்டியலில் இடமில்லை. என் பெயரை அடித்துவிட்டு முதல் இடத்தில் அவன் பெயரை எழுதுவார்கள். இறங்குவரிசை. தெரிந்துதான் சொல்கிறேன். மேடையிலும் முதலில் அவன், நோயிலும் முதலில் அவன், கடைசியில் தாளிலும் முதலில் அவன்.

காலியிடத்தோடு கையெழுத்து செல்லாதா? சாட்சிகள் முன்னால் வாசிக்கவும் வேண்டுமா? கூப்பிடுங்கள் அவர்களை. பேனாவை இங்கே கொடுங்கள், பெயரை நானே எழுதுகிறேன். எழுதிவிட்டேன். நானே வாசிக்கிறேன்.

உட்காருங்கள் ரபீக். துளசிங்கம், டீ டம்ளரை வெளியே வைத்துவிட்டு வா.

‘மேற்படி டோக்கனில் பத்து வருடம் ஐந்து மாதம் மஞ்சள் பக்கச் சூளையில் வேலை செய்தவர் கஜபதி, தகப்பனார் பெயர் மாணிக்கம்.’

என்ன துளசிங்கம்? காதில் விழவில்லையா? விழுந்தது உனக்கு, உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சரி. எழுந்து நின்று வாசிக்கிறேன்.

கஜபதி. தகப்பனார் பெயர் மாணிக்கம்.